பழுது பார்ப்பதும் பழுதின்மை தேடுவதும்

இல்லறத்தார் தம் வீட்டிலுள்ள பழைய பொருளை எவ்வாறு நடத்துகின்றனர் என்பது சிறு செய்தியாகத் தோன்றலாம். ஆயினும் அவர்தம் உள்ளத்தின் நிலையை அது நன்கு காட்டிவிடும். புதிய பொருளை வாங்கப் பணம் போதும். பழைய பொருளைக் காக்கப் பொறுமை வேண்டும். அப்பொறுமை எந்த எல்லை வரை அறமாகும், எந்த எல்லையைக் கடந்தால் பற்றாக மாறும் என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராய விரும்பும் வினா.

பழைய பருத்திப் புடவைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஓட்டத் தையலால் இணைத்துப் போர்வையாக்கும் வழக்கம் இந்நாட்டின் பல பகுதிகளில் உண்டு. வங்காளத்தில் அதனைக் ‘காந்தா’ என்பர். பீகாரில் ‘சுஜனி’ என்பர். மராட்டியத்தில் ‘கோதடி’ என்பர். நம் தமிழகத்திலோ பழம்புடவை பெரும்பாலும் குழந்தைக்குத் தூளியாகவும் விரிப்பாகவும் பயன்பட்டு வந்துள்ளது. 1956ஆம் ஆண்டில் நிலக்கரி நிறுவனம் தோன்றியதன் பயனாகப் பல மாநில மக்களும் கூடி வாழும் நெய்வேலி நகரியத்திலும், அதனை அடுத்த கம்மாபுரம், விருத்தாசலம் வட்டாரங்களிலும் இவ்விரு வழக்கங்களையும் அறிந்தோர் இருப்பர்.

தமிழில் ‘கந்தை’ என்பதும் வங்காளத்தில் ‘காந்தா’ என்பதும் ‘கந்தா’ என்னும் ஒரே வடசொல்லின் வழிவந்தவை. ஓரிடத்தில் அச்சொல் இகழ்ச்சிக்கு உரியதாயிற்று. மற்றோரிடத்தில் கலைக்குப் பெயராயிற்று. துணி ஒன்றே, நோக்கும் பார்வையே வேறு.

இனி, முன்னோர் விட்டுச்சென்ற அத்தகைய போர்வை ஒன்று பெட்டியிலிருந்து வெளிவருவதாகக் கொள்வோம். ஓரம் நைந்திருக்கிறது, நடுவே இரண்டு கிழிசல்கள். தைத்துப் பயன்படுத்தலாம் என்று எடுக்கிறோம். அதே நிறத்தில் நூல் கிடைக்கவில்லை. தைத்த தையல் நேராக அமையவில்லை என்று பிரிக்கிறோம், மீண்டும் தைக்கிறோம், மீண்டும் பிரிக்கிறோம். முடிவில், “சரியாகச் செய்ய நேரம் வரும்போது பார்த்துக்கொள்ளலாம்” என்று பெட்டிக்குள் வைத்துவிடுகிறோம். அந்த நேரம் வருவதில்லை. போர்வை பூச்சிக்கு இரையாகிறது. குளிரில் நடுங்கும் ஒருவருக்கு அதனால் பயனில்லை.

இத்தயக்கத்தைச் செம்மையின்மேல் உள்ள விருப்பம் என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். ஆனால், கோபம், மானம், மாயம், உலோபம் என்று நம் ஆன்றோர் வகுத்த நான்கு கஷாயங்களை அருகே வைத்துப் பார்த்தால் உண்மை விளங்கும். கோணிய தையலைக் கண்டு வெகுண்டு பிரிப்பது கோபம். “காண்போர் என்ன சொல்வர்?” என்று அஞ்சுவது மானம். ஒட்டுப் போட்டதே தெரியாதபடி மறைத்துப் புதியது போலக் காட்ட முனைவது மாயம். பயன்படுத்தாமலும் பிறருக்குக் கொடுக்காமலும் பூட்டிவைப்பது உலோபம். ஒரு பழம்போர்வையின் மடிப்பில் நான்கும் ஒளிந்துகொள்ள இடமிருக்கிறது!

துணியின் இயல்பும் இதே பாடத்தையே நமக்குக் கற்பிக்கிறது. பல்லாண்டு உழைத்த பருத்தி மெலிந்திருக்கும். அதன்மேல் கனத்த புதுத் துணியை ஒட்டினால், அந்த ஒட்டின் வலிமையே சுற்றியுள்ள பழைய இழைகளை இழுத்துக் கிழித்துவிடும். வலிய நைலான் நூல் மெலிந்த இழைகளை அறுக்கும். தையல் நெருக்கமாக இருந்தால் அழகு என்று எண்ணி அடுத்தடுத்து ஊசியைக் குத்தினால், அத்துளைகளின் வரிசையிலேயே துணி விட்டுப்போகும். பிரித்துப் பிரித்துத் தைப்பதனாலும் இதே கேடு நேர்கிறது. ஆகவே குறையே இருத்தலாகாது என்னும் பிடிவாதம், காக்க எடுத்த பொருளையே அழித்துவிடுகிறது.

செய்யத்தக்கது எளியதே. முதலில் போர்வையை உதறி அடிக்காமல், சிற்றுயிர்கள் உளவா என்று பார்த்து, மெல்லிய துணியால் ஒதுக்கிவிட்ட பின்னரே அலசவும் வெயிலில் உலர்த்தவும் வேண்டும். துவைத்துப் பழகிய பருத்தித் துணியையே ஒட்டாகக் கொள்ளவேண்டும். அந்த ஒட்டு கிழிசலின் விளிம்போடு நில்லாமல், நல்ல இழை உள்ள இடம் வரை பரவவேண்டும். பருத்தி நூலால், இறுக்காமல், இடைவிட்டுத் தைக்கவேண்டும். அருங்காட்சியகங்களில் பழந்துணிகளைப் பேணும் வல்லுநர்களும் அவற்றைப் புதியனவாக்க முயல்வதில்லை. அடியில் ஒரு துணியைத் தாங்கலாக வைத்து, மேலும் சிதையாமல் நிறுத்துவதையே நோக்கமாகக் கொள்கின்றனர்.

சுவேதாம்பர மரபு நூல்களில் ஒரு கதை வழங்குகிறது. திகம்பர மரபு அதனை ஏற்பதில்லை எனினும், நம் வினாவுக்கு அது பொருந்துகிறது. துறவு பூண்ட மகாவீரரின் தோளில் இருந்த தெய்விக ஆடையின் பாதியை ஏழை அந்தணர் ஒருவர் இரந்து பெற்றார். அதனைக் கண்ட இழையோட்டும் தொழிலாளி, “மற்றப் பாதியும் கிடைத்தால் இணைத்த இடம் தெரியாமல் தைத்துத் தருவேன்; வரும் பெரும் பொருளைப் பகிர்ந்துகொள்வோம்” என்றார். அந்தணர் பகவானைப் பின்தொடர்ந்து, முள்ளில் சிக்கி வீழ்ந்த மறுபாதியை எடுத்து வந்தார். தொழிலாளி சொன்னவாறே இணைத்துக் கொடுத்தார்.

அத்தொழிலாளியின் பழுதற்ற திறமையை நாம் குறைகூறவில்லை. அந்த ஆடை விலைக்குப் போக இருந்தது; விலைக்கு அத்தகைய செம்மை வேண்டியிருந்தது. நம் வீட்டுப் போர்வையோ சந்தைக்குச் செல்வதில்லை. உறங்குவோர் மேல் கிடக்கப்போகிறது. செம்மை என்பது பயனை நோக்கி அளக்கப்படவேண்டும். அக்கதையில் ஆடை வீழ்ந்ததைப் பொருட்படுத்தாமல் நடந்து சென்றவரே யாவரினும் உயர்ந்தவர் என்பதையும் மறத்தலாகாது.

இங்கு ஓர் ஐயம் எழலாம். “அப்படியாயின் எப்படியேனும் தைத்துவிட்டால் போதுமா?” போதாது. மானத்தை விடுவது வேறு. சோம்பலைப் பிடித்துக்கொள்வது வேறு. தூய்மையிலும் உறுதியிலும் தளர்வு கூடாது. குழந்தையின் விரிப்பில் நூல் தொங்கினால் அது சிறு விரலைச் சுற்றி இறுக்கிவிடும். அங்கே கவனக்குறைவு இம்சையாகும். நாம் போர்த்திக்கொள்ளக் கூசும் அழுக்குத் துணியை ஏழைக்குக் கொடுத்துவிட்டு அதனைத் தானம் என்பதும் தகாது. தைத்த இடம் கண்ணுக்குத் தெரியலாம், உடலை உறுத்தக்கூடாது. இதுவே நாம் கொள்ளத்தக்க அளவுகோல்.

தைக்கவே இயலாத நிலையை அடைந்த போர்வையை வெட்டத் தயங்கவேண்டியதில்லை. நல்ல பகுதி குழந்தைக்கு விரிப்பாகும். அதனினும் சிறியது அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கும் பிடிதுணியாகும். எஞ்சியது தரை துடைக்க உதவும். 1999ஆம் ஆண்டில் அன்ஷு குப்தா தில்லியில் தொடங்கிய ‘கூஞ்ச்’ அமைப்பு, நாடெங்கும் பெற்ற பழந்துணிகளைத் தரம் பிரித்து, வேறெதற்கும் ஆகாதவற்றையும் சுஜனி விரிப்புகளாகத் தைத்துப் பயன்படுத்துகிறது. அவருக்கு 2015ஆம் ஆண்டில் மகசேசே விருது கிடைத்தது. வடிவத்தின் மேல் பற்று வைத்தவர்க்கு வெட்டுதல் இழப்பு. பயனை அறிந்தவர்க்கு அது தொடர்ச்சி.

நெய்வேலிச் சுரங்கங்களில் மண்ணை அகற்றி நிலக்கரியை எடுத்தபின், அகழ்ந்த இடத்தை மண்ணால் நிரப்பி மரம் நடுகின்றனர். அது முன்பிருந்த அதே நிலம் ஆவதில்லை. ஆயினும், பழையபடி ஆகாது என்பதற்காக மரம் நடாமல் விடுதல் அறிவுடைமை ஆகாது. அதேபோல், தைத்துக்கொள்ளலாம் என்பது கிழிப்பதற்கு அனுமதியும் ஆகாது. இவ்விரண்டையும் ஒருங்கே நினைவிற் கொள்ளவேண்டும்.

மனிதரிடத்தும் இஃதே முறை. நைந்துபோன உறவொன்றை முன்பிருந்தது போல் மாசறச் செய்ய விரும்பிக் காத்திருப்போர் பலர்; அவர்கள் காத்திருக்கும்போதே கிழிசல் பெரிதாகிறது. தழும்பு தெரியட்டும், தையல் நிற்கட்டும். இந்தக் குளிர்காலத்தில் நம் பெட்டியிலுள்ள ஒரு போர்வையையேனும் எடுத்து, கைக்கு எட்டிய நூலால் தைத்து, அதனை வேண்டியவர்க்குப் போர்த்துவோமாக.