கிட்டே இருக்கிற வெளிநாடு

நெய்வேலி டவுன்ஷிப்பில் ஐம்பதை நெருங்கியவர்கள் நாலு பேர் கூடினால், பேச்சு எங்கே தொடங்கினாலும் 'ரிட்டயர்மென்ட்டுக்கு அப்புறம்' என்பதில்தான் வந்து நிற்கும். வடலூர்ப் பக்கம் வாங்கிப் போட்ட மனையில் வீடு கட்டுவது அப்புறம். காசிக்குப் போவது அப்புறம். பிள்ளைகளோடு நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிடுவதுகூட அப்புறம்தான். இதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. நாம் குடியிருக்கும் சுரங்க நிறுவனத்தின் குவார்ட்டர்ஸ் நமக்குச் சொந்தமில்லை. வாசலில் நாமே நட்ட மாமரம் காய்த்துக்கொண்டிருக்கும்போதே, அறுபது வயதில் சாவியை ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும். அந்த நாளுக்காகச் சேர்த்து வைப்பதே வேலையில் சேர்ந்த முதல் மாதத்திலிருந்து பெரிய கவலையாக இருக்கிறது. அந்தக் கவலையில் பொறுப்பு இருக்கிறது; அதை நான் மதிக்கிறேன்.

ஆனால் சில ஆசைகளை அறுபதுக்குத் தள்ளிவைக்க முடியாது. பைக்கில் ஒரு வெளிநாட்டைச் சுற்றிப் பார்ப்பது அப்படிப்பட்ட ஆசை. கோயிலும் அருங்காட்சியகமும் நமக்காகக் காத்திருக்கும். முதுகும் முழங்காலும் காத்திருக்காது. வருடக் கணக்கில் ஏ ஷிப்ட், பி ஷிப்ட், சி ஷிப்ட் என்று மாறி மாறித் தூங்கிய உடம்பு இது. அறுபதில் சர்க்கரையும் பிரஷரும் சேர்ந்த பிறகு, மலைப்பாதை வளைவில் எதிரே பஸ் வரும்போது பிரேக்கைப் பிடிக்கும் கைக்கு நாற்பத்தைந்தில் இருந்த வேகம் இருக்காது. ஆகவே, கையில் பணம் குறைவாக இருக்கும் வயதில்தான் இந்தப் பயணத்தைச் செய்தாக வேண்டியிருக்கிறது. குறைந்த செலவில் எப்படிப் போவது என்ற கேள்வி அங்கிருந்துதான் எழுகிறது.

இதை யோசிக்கும்போதெல்லாம் கொச்சியில் டீக்கடை நடத்திய கே.ஆர். விஜயனையும் அவர் மனைவி மோகனாவையும் நினைத்துக்கொள்வேன். கடை வருமானத்தில் தினமும் முந்நூறு ரூபாய் எடுத்து வைத்து, போதாததற்குக் கடன் வாங்கி, ஊர் திரும்பி அந்தக் கடனை அடைத்து, அடைத்த பிறகு அடுத்த பயணம் என்று 2007 தொடங்கி 26 நாடுகளைப் பார்த்துவிட்டார்கள். விஜயன் 2021 நவம்பரில் காலமானார். 'எல்லாம் முடிந்த பிறகு போகலாம்' என்று அவர் இருந்திருந்தால் அந்த நாடுகளில் ஒன்றைக்கூடப் பார்த்திருக்க மாட்டார். கடன் விஷயத்தில் மட்டும் எனக்கு அவர் வழி ஒத்துவராது. தினமும் கல்லாவில் காசு விழுகிற கடைக்காரர் அடைக்கும் கடன் வேறு. வீட்டு லோனும் பிள்ளையின் கல்லூரிக் கட்டணமும் போக மிஞ்சும் சம்பளத்தில் அடைக்கும் கடன் வேறு. அவரிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது அந்த முந்நூறு ரூபாய்ப் பழக்கத்தைத்தான்.

இன்னொன்றும் நமக்குத் தெரிந்ததே. நிறுவனம் தரும் விடுமுறைப் பயணச் சலுகையான எல்.டி.சி. இந்தியாவுக்குள் மட்டும்தான். அதை வைத்துக் காஷ்மீரும் அந்தமானும் பார்த்துவிட்டு வந்த குடும்பங்கள் இந்த ஊரில் ஏராளம். வெளிநாடு என்றால் முழுக்கச் சொந்தக் காசு. அதனால் கணக்கு நோட்டை எடுத்து வைத்து, ஒவ்வொரு நாட்டையும் ஒரு பக்கத்தில் எழுதிப் பார்த்தேன்.

முதலில் நேபாளம். இந்தியர்களுக்கு விசா கிடையாது, வாக்காளர் அட்டையே போதும். சொந்த வண்டியிலேயே எல்லையைத் தாண்டலாம். எத்தனை நாள் தங்குகிறோமோ அத்தனை நாளுக்கு 'பன்சார்' என்கிற சுங்கச் சீட்டு வாங்கினால் சரி. நம் நூறு ரூபாய் அங்கே நூற்று அறுபது. கேட்க இனிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் நெய்வேலியிலிருந்து சுனௌலி எல்லைக்கு ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர். போக வர 4,600. லிட்டருக்கு 35 கிலோமீட்டர், பெட்ரோல் நூறு ரூபாய் என்று வைத்தாலே பதின்மூன்றாயிரம் ரூபாய் எல்லை வரை போய்த் திரும்புவதற்கே போய்விடும். கையில் இருக்கும் லீவில் பெரும்பகுதியும் நெடுஞ்சாலையிலேயே கரைந்துவிடும். டேங்கைக் காலி செய்து வண்டியை ரயில் பார்சலில் கோரக்பூருக்கு அனுப்பலாம். செலவு ஓரளவு குறையும், அலைச்சல் குறையாது.

அடுத்து பூட்டான். அங்கே 2022இல் எல்லையை மீண்டும் திறந்தபோது, இந்தியர்களுக்கும் ஓர் இரவுக்கு ஆளுக்கு 1,200 ரூபாய் சுற்றுலாக் கட்டணம் என்று வைத்துவிட்டார்கள். தன் காட்டையும் மலையையும் காப்பாற்ற நினைக்கும் நாட்டின் முடிவு அது, குறை சொல்வதற்கில்லை. ஆனால் இரண்டு பேர் பத்து இரவு தங்கினால் அறைக்கும் சாப்பாட்டுக்கும் மேலே 24,000 ரூபாய். மியான்மர் வழியாகத் தாய்லாந்து போகும் சாலைக் கனவு 2021இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு பேச்சளவில்தான் இருக்கிறது. ஈரான் வழியாக மேற்கே போவதென்றால் வண்டிக்குக் 'கார்னே' என்கிற சுங்க உறுதிச்சீட்டு வேண்டும். அதற்குக் கட்டும் பிணைத்தொகை சம்பளக்காரர் கைக்கு எட்டாது. வியட்நாமில் வாடகை வண்டி மலிவு. ஆனால் அந்த நாடு ஏற்பது 1968ஆம் ஆண்டு சர்வதேசச் சாலைப் போக்குவரத்து ஒப்பந்தப்படியான உரிமத்தை. இந்தியா கொடுப்பது 1949ஆம் ஆண்டு ஒப்பந்தப்படியானது. நம் ஆட்கள் நிறையப் பேர் அங்கே ஓட்டுகிறார்கள் என்பது உண்மைதான். விபத்து என்று வந்தால் உரிமம் இல்லாமல் ஓட்டியவர்களாகவே அவர்கள் நிற்க வேண்டியிருக்கும்.

கடைசிப் பக்கத்தில் இலங்கையை எழுதினேன். நெய்வேலியிலிருந்து சேத்தியாத்தோப்பு, சிதம்பரம், சீர்காழி, காரைக்கால் வழியாக நாகப்பட்டினம் போக அரை நாள்கூட ஆகாது. அங்கிருந்து யாழ்ப்பாணப் பக்கத்துக் காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபர் 14 அன்று பயணிகள் கப்பல் தொடங்கியது. மழைக்காலத்தில் நின்று, 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' என்ற கப்பலோடு மறுபடி ஓடியது. கடலில் ஏறத்தாழ 110 கிலோமீட்டர். நாலு மணி நேரத்தில் கரை சேரலாம். 1914இலிருந்து தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடியிருக்கிறது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்த பிறகு ராமேஸ்வரத்திலிருந்து ஓடி, எண்பதுகளில் போர் வந்து நின்றது. நம் தாத்தாக்களுக்குப் பக்கத்து ஊராக இருந்த இடம் நமக்கு எட்டாத தேசமானது இப்படித்தான்.

கப்பலில் பைக்கை ஏற்ற முடியாது. 'நம்ம புல்லட் இல்லாம என்ன டூர்' என்று நண்பர்கள் கேட்பார்கள். செலவைக் குறைப்பதில் முதலில் விட வேண்டியது இந்தப் பிடிவாதத்தைத்தான் என்பது என் எண்ணம். யாழ்ப்பாணத்தில் வண்டி வாடகைக்குக் கிடைக்கிறது. அங்கேயும் சாலையின் இடப்பக்கம்தான் ஓட்டுவார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து ஏ9 சாலையில் ஆனையிறவு, கிளிநொச்சி, வவுனியா, தம்புள்ளை, மாத்தளை தாண்டிக் கண்டி 320 கிலோமீட்டர் சொச்சம். அதற்கு மேல் நுவரெலியா. போக வர, நடுவே சுற்றியது எல்லாம் சேர்த்தாலும் ஆயிரம் கிலோமீட்டர் அளவில் முடிந்துவிடும். நேபாள எல்லையைத் தொடுவதற்கே ஆகும் தூரத்தில் பாதிகூட இல்லை. வடக்கிலும் மலையகத் தோட்டப் பகுதிகளிலும் நம் மொழியிலேயே பேசிக்கொள்ளலாம்.

மாதத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் சேமிப்பு இருக்கிறது. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடக்கே மழை, கடலும் கொந்தளிப்பு. மே மாதக் கடைசியிலிருந்து மலையகத்தில் தென்மேற்குப் பருவமழை. வடலூரில் தைப்பூசம் முடிந்த கையோடு பிப்ரவரி, மார்ச் என்று வைத்துக்கொண்டால் இரண்டு பக்கமும் வானம் தெளிவாக இருக்கும். கப்பல் ஒரு நாள் தள்ளிப் போனாலும் டியூட்டிக்குத் திரும்ப முடிகிற மாதிரி லீவில் இரண்டு நாள் மிச்சம் வைக்க வேண்டும்.

எதைக் குறைப்பது என்பது எல்லோருக்கும் தெரியும். எதைக் குறைக்கக் கூடாது என்பதில்தான் நம் ஆட்கள் தவறுகிறார்கள். பொதுத்துறை ஊழியர் சொந்தச் செலவில் போனாலும் நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும். ஆர்.டி.ஓ. அலுவலகம் தரும் சர்வதேச ஓட்டுநர் அனுமதிச்சீட்டுக்குக் கட்டணம் ஆயிரம் ரூபாய் அளவில்தான், ஓராண்டு செல்லும். ஆனால் இலங்கையில் அது மட்டும் போதாது. அந்நாட்டு அங்கீகாரமும் வாங்க வேண்டும். அதற்கான அலுவலகங்கள் கொழும்புப் பக்கம் இருக்கின்றன, நாம் இறங்குவதோ வடகோடியில். ஆகவே வண்டி தருபவரோடு புறப்படுவதற்கு முன்பே பேசி அந்தக் காகிதத்துக்கு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். பயண இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது இருசக்கர வண்டி பற்றிய நிபந்தனையை வரி வரியாகப் படிக்க வேண்டும். உரிமம் செல்லாவிட்டால் பாலிசியும் செல்லாது. தலைக்குச் சரியாகப் பொருந்தும் நம் ஹெல்மெட்டைக் கையோடு கொண்டுபோக வேண்டும். ஒரு நாளைக்கு 150 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுவதில்லை என்று எழுதி வைக்க வேண்டும். சுரங்கத்திலும் பாய்லர் பக்கத்திலும் வேலை செய்கிறவர்களுக்குப் பாதுகாப்பு விதியை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே ஒழுங்கைச் சொந்தப் பயணத்துக்கும் கொண்டுவந்தால் போதும்.

நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த ஒரு ராத்திரி, என் மனைவி அடுக்களை வேலையை முடித்துவிட்டு வந்து நோட்டைப் பார்த்தாள்.

"ஏங்க, இந்தக் கணக்குல நான் எங்க இருக்கேன்? பின் சீட்லயா, வீட்லயா?"

"நீயும் வந்தா செலவு கூடும். நாளைக் குறைக்கணும்."

"குறைங்க. நீங்க மட்டும் நெறைய பாக்கறதவிட ரெண்டு பேரும் கொஞ்சம் பாக்கலாம்."

அன்றே நோட்டில் ஒரு பக்கத்தைக் கிழித்துவிட்டு வேறு கணக்கு எழுதினேன். ஒருவர் உல்லாசத்துக்காக வீட்டில் மற்றவர்கள் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டினால், அந்தப் பயணத்துக்கு எவ்வளவு குறைவாகச் செலவழித்தாலும் அது விலை உயர்ந்த பயணமே. இந்த ஊரில் சம்பளத்தை மிச்சம் பிடித்து நகையாகவும் படிப்பாகவும் மாற்றியவர்கள் பெண்கள். சேமிப்பில் பாதி அவர்களுடையது என்றால் சீட்டிலும் பாதி அவர்களுடையதாக இருக்க வேண்டும்.

செலவைக் குறைக்கும்போது அடுத்தவர் கூலியில் கைவைக்கக் கூடாது என்பதையும் அதே நோட்டில் எழுதிக்கொண்டேன். தம்புள்ளையிலிருந்து மாத்தளைக்குப் போகும் பாதை, இருநூறு வருடங்களுக்கு முன் தொடங்கி நம் மாவட்டங்களிலிருந்து காப்பித் தோட்டங்களுக்குப் போனவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி நடந்து போன வழி. நடையிலேயே செத்து விழுந்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் தேயிலை பறிக்க ஒரு நாளைக்கு ஆயிரம் இலங்கை ரூபாய் கூலி கேட்டுப் பல ஆண்டு போராடி, 2021இல்தான் அதைப் பெற்றார்கள். 2022 பொருளாதார நெருக்கடியில் விலைவாசி ஏறி அந்த ஆயிரத்தின் மதிப்பும் கரைந்துபோனது. அங்கே போய் ஒரு தேநீர்க் கடையிலோ, தங்கும் வீட்டிலோ இருநூறு ரூபாய்க்காகப் பேரம் பேசுவது, அவர்கள் போராடிப் பெற்ற அந்த ஆயிரத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் கேட்பதற்குச் சமம். ஏசி அறையை விடலாம், ஷாப்பிங்கை விடலாம். கேட்ட கூலியைக் கொடுத்துவிட வேண்டும்.

நெய்வேலிக்காரர்களுக்கு இந்தப் பயணத்தில் பார்க்க இன்னொன்றும் இருக்கிறது. காங்கேசன்துறையில் ஒரு பெரிய சிமென்ட் ஆலை இருந்தது. போர் காரணமாக 1990இல் மூடப்பட்டது. அதைச் சுற்றியிருந்த ஊர்களின் மக்கள் வீட்டையும் வயலையும் விட்டு வெளியேறினார்கள். உயர் பாதுகாப்பு வலயம் என்று வேலி போடப்பட்ட அந்த நிலத்துக்குப் பல பத்தாண்டுகளாக அவர்களால் திரும்ப முடியவில்லை. ஓர் ஆலையைச் சுற்றி ஒரு ஊர் எப்படி வாழும் என்பது நமக்குத் தெரியும். நிலம் கொடுத்துவிட்டு வெளியே போன கிராமங்களின் வருத்தமும் நம் பக்கத்திலேயே இருக்கிறது. 1957இல் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்த இந்த ஊரில் ரஷ்யர்களும் ஜெர்மானியர்களும் வந்து தங்கி வேலை பார்த்தார்கள். சோவியத் உதவியால் எழுந்து 1962இல் மின்சாரம் தந்த முதல் அனல் மின் நிலையம் 2020இல் நிறுத்தப்பட்டது. ஆலைகளுக்கும் வயதாகும் என்பதைக் கண்ணெதிரே கண்டவர்கள் நாம். அந்த அறிவோடு பக்கத்து நாட்டுக்குப் போகிறவர் வெறும் சுற்றுலாப் பயணியாகத் திரும்ப மாட்டார்.

எனவே என் முடிவு இது: தூரமும் நாடுகளின் எண்ணிக்கையும் குறையட்டும், ஓர் இடத்தில் இருக்கும் நேரம் கூடட்டும். கையில் உள்ள பணத்துக்குள் அடங்குகிற, கிட்டே இருக்கிற, இருவரும் சேர்ந்து போகிற ஒரு வெளிநாட்டுப் பயணம், அறுபதுக்கு மேல் கிடைக்குமோ கிடைக்காதோ என்கிற பெரிய பயணத்தைவிட மேலானது. பாஸ்போர்ட் இல்லாதவர்கள் இந்த மாதமே விண்ணப்பியுங்கள். தினமும் ஒரு தொகையைத் தனியே எடுத்து வையுங்கள். வீட்டில் உட்கார்ந்து இருவருமாகக் கணக்கு எழுதுங்கள். குவார்ட்டர்ஸ் சாவியை ஒப்படைக்கும் நாளுக்கு முன் ஒரு முறையாவது போய் வந்துவிடுங்கள்.