வாய் பொத்துதலும் முகமூடியும்

"உண்மையச் சொல்லு சித்தப்பா" என்று நான்தான் சொன்னேன். மறுநாள் கிரஷருக்கு வேன் வருகிறது, தொழிலாளர்களுக்கு மூச்சுப் பரிசோதனை என்று மேஸ்திரி சொல்லிவிட்டிருந்தான். ராத்திரி சித்தப்பா கற்பூரவல்லி இலையை மென்றுகொண்டிருந்தார். டாக்டர் முன்னால் இருமல் வந்துவிடக் கூடாதாம். "நீ படிச்சவ. ஒனக்கு உண்ம சொன்னா மார்க்கு போடுவாங்க. எனக்கு என்னா போடுவாங்க?" என்றார். நான் விடவில்லை. அப்போதுதான் இயக்க வேலைக்கு வந்திருந்தேன். உண்மை சொன்னால் உரிமை கிடைக்கும் என்று நம்பிய வயசு.

சொன்னார். இரண்டு வருஷமாக இருமல், மேடு ஏறினால் இளைப்பு என்று எல்லாவற்றையும் சொன்னார். குழாயில் ஊதச் சொன்னார்கள். "ஊது, ஊது, இன்னும் ஊது" என்று அதட்ட அதட்ட ஊதினார். அடுத்த வாரம் மேஸ்திரி, "ஒடம்பு சரியில்லாதவனுக்கு இங்க என்னா வேல, வீட்ல இரு" என்று அனுப்பிவிட்டான். பரிசோதனைக் காகிதம் முதலாளி மேசைக்குப் போனது. ஊதிய மனிதனுக்கு ஒரு துண்டுச் சீட்டும் இல்லை. மிச்சப் பேருக்கு ஆளுக்கொரு காகித முகமூடி கொடுத்து, வரிசையாக நிறுத்திப் போட்டோ பிடித்துக்கொண்டார்கள். சித்தப்பா டி.பி. என்று ஆறு மாசம் மாத்திரை தின்றார். இரண்டாம் வருஷம் செத்துப்போனார். காரியத்தன்று சித்தி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

அன்றிலிருந்து எனக்குள் ஒரு கேள்வி கிடக்கிறது. அந்த இருமலை மறைத்திருந்தால் அது பொய்யா? எம்.ஏ. வகுப்பில் வாய்மை அதிகாரத்தை நாட்கணக்கில் நடத்தினார்கள். தீமையில்லாத நன்மை விளையுமென்றால் பொய்க்கும் வள்ளுவர் இடம் விட்டிருக்கிறார் என்று பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கினேன். உண்மையைச் சொல்கிறவனைப் பற்றித்தான் அத்தனை பாடமும். அதைக் கேட்டுக்கொள்கிறவன் கையில் அது என்னவாக மாறுகிறது என்று யாரும் நடத்தவில்லை.

கருங்கல்லை உடைக்கும்போது கண்ணுக்குத் தெரிகிற தூசி மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும். கண்ணுக்குத் தெரியாத சிலிக்காத் துகள்தான் நுரையீரலின் அடிவரை போய்த் தழும்பு போடுகிறது. சிலிகோசிஸ் என்று பேர். வேலையை விட்ட பிறகும் தழும்பு வளரும். எக்ஸ்ரேயில் டி.பி. போலவே தெரியும், போதாததற்கு டி.பி.யையும் இழுத்துக்கொண்டு வரும். 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்ட அட்டவணையிலேயே தூசியால் வரும் நுரையீரல் நோய்க்கு இடம் இருந்தது. ஆனால் மஸ்டர் ரோலில் பேரே இல்லாத கூலிக்கு அட்டவணையில் இடம் இருந்து என்ன? கல்லின் மேல் தண்ணீர் தெளிக்கலாம், பெல்ட்டை மூடலாம், தூசியை உறிஞ்சி எடுக்கலாம். முகமூடி கடைசியாக வரவேண்டியது. எங்கள் கிரஷரில் அதுதான் முதலில் வந்தது, அதுவே முடிவும் ஆனது. "மாஸ்க் குடுத்தோம், அவனுங்க போடல." முதலாளியின் தர்மம் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிட்டது.

அந்த முகமூடி முகத்தில் பொருந்துகிறதா என்று பார்க்கவே ஒரு பரிசோதனை உண்டு என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரியும். ஒரு தொழிலாளர் நலப் பயிலரங்கில் டாக்டர் ஒருவர் என்னையே உட்காரவைத்துக் காட்டினார். தலைக்கு மேல் ஒரு கூண்டு மாதிரி உறை. முதலில் முகமூடி இல்லாமல் கசப்பு மருந்தைத் தெளித்து, நாக்கில் தெரிகிறதா என்று பார்க்கிறார்கள். பிறகு முகமூடியோடு, இன்னும் காட்டமான கசப்பு. சும்மா மூச்சு விடு, ஆழமாக விடு, தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பு, மேலே கீழே பார், பேசு, குனி. பேசுவதற்கு நூறிலிருந்து கீழே எண்ணச் சொன்னார். தொண்ணூற்றாறு சொல்லும்போது கசந்தது. தமிழ் எம்.ஏ.க்கு எண்ணிக்கையும் கொஞ்சம் தடுமாறியது, அது வேறு. "கசக்குது" என்றேன். உடனே நிறுத்தினார். "இது உங்க முகத்துக்கு ஆகாது" என்று வேறு அளவு எடுத்துக் கொடுத்தார்.

வீடு திரும்பும்வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். இந்த முறையில் மெஷின் எதுவும் தீர்ப்புச் சொல்வதில்லை. உழைக்கிறவனின் நாக்கு சொல்கிறது. அவன் கசக்குது என்றால் கசக்கிறதுதான். முகமூடிதான் தோற்றது, அவன் இல்லை. என் தாத்தா ஆண்டைக்கு முன்னால் துண்டை இடுப்பில் கட்டி, வாயைப் பொத்திக்கொண்டுதான் பேசுவார். தன் மூச்சு ஆண்டைமேல் பட்டுத் தீட்டாகிவிடக் கூடாது என்று பொத்திய வாய் அது. இரண்டு தலைமுறை கழித்து அதே வாயை மூடச் சொல்கிறார்கள், இந்தத் தடவை உன் நன்மைக்கு என்கிறார்கள். இருக்கட்டும். ஆனால் பேசும்போதும் பொருந்துகிறதா என்று பார்த்துத் தருகிற முகமூடி வேறு, பேசாமல் இருக்கத் தருகிற முகமூடி வேறு. இரண்டும் பார்வைக்கு ஒன்றாகத்தான் இருக்கும்.

ஒருநாள் தாடி இருந்தாலே இறுக்கம் கெட்டு ஓரத்தில் காற்று நுழையும் என்றார் அந்த டாக்டர். உடம்பு நன்றாக இளைத்துவிட்டால் மறுபடி அளவு பார்க்க வேண்டுமாம். கன்னம் ஒட்டிப்போன சித்தப்பாவின் முகம்தான் நினைவுக்கு வந்தது. யாருக்கு அது மிக அவசியமோ அவர் முகத்தில்தான் அது நிற்காது.

மெஷின் பொய் சொல்லாது என்று நம்புகிற தோழர்கள் உண்டு. மூச்சளக்கும் கருவியில் அமெரிக்காவில் வெகுகாலம் ஒரு கழிவுக் கணக்கு வைத்திருந்தார்கள். கறுப்பர் என்றால் 10 முதல் 15 சதவீதம், ஆசியர் என்றால் 4 முதல் 6 சதவீதம் குறைவான மூச்சே இயல்பு என்று கருவியே கழித்துக்கொள்ளும். அதாவது நுரையீரல் கெட்டிருந்தாலும் "அவனுக்கு அவ்வளவுதான்" என்று காட்டும். 1999-ல் பால்டிமோரில் ஆஸ்பெஸ்டாஸ் வழக்கு ஒன்றில், கறுப்புத் தொழிலாளிக்கு இந்தக் கழிவைப் போட்டுத்தான் நட்டஈடு பார்க்க வேண்டும் என்று ஒரு கம்பெனி கோர்ட்டில் கேட்டது. இனக்கணக்கு வேண்டாம் என்று அந்நாட்டு மார்பு மருத்துவர் சங்கம் சொன்னது 2023-ல். பிறப்பை வைத்து மூச்சைக் கழிப்பது நமக்கு விளக்க வேண்டிய விஷயமா?

அதே அமெரிக்காவில் 1998-ல் வந்த விதி ஒன்று, இவன் முகமூடி போட்டு வேலை செய்யத் தக்கவனா என்பதை மட்டுமே முதலாளிக்குச் சொல்லச் சொல்கிறது. என்ன நோய் என்பதை அல்ல. நகல் தொழிலாளிக்கும் போகவேண்டும். இங்கேயும் 1987-ல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தியபோது, ஆபத்தான தொழில்களில் உடல்நலப் பதிவேடு தொழிலாளி பார்க்கக் கிடைக்க வேண்டும் என்று எழுதினார்கள். கிரஷர் அதற்குள் அடங்குமா என்ற வக்கீல் வாதத்துக்கு நான் வரவில்லை. என் மூச்சு என் கைக்கு வருமா என்பதுதான் என் கேள்வி.

போன மாசம் சித்தப்பாவின் மகன் வந்தான். அவனும் அங்கேதான் வேலை. "அக்கா, மறுபடியும் வேன் வருது. என்னா சொல்லட்டும்?" என்றான். உண்மையைச் சொல் என்று என் வாயில் வரவில்லை. மறைத்துவிடு என்றும் வரவில்லை. இரண்டு ராத்திரி பேசினோம். கடைசியில் ஏழு பேர் சேர்ந்து எழுதிக் கொடுத்தார்கள்: முதலில் கல்லுக்குத் தண்ணீர் தெளிக்க வேண்டும், காகிதத்தின் நகல் ஊதியவன் கையில் தர வேண்டும், மூச்சு குறைந்தவனுக்கு அதே கூலியில் தூசியில்லாத வேலை தர வேண்டும், அதற்குப் பிறகு ஊதுகிறோம்.

பதில் இன்னும் வரவில்லை. இதை எழுதிக் கொடுத்தது யார் என்று மட்டும் மேஸ்திரி விசாரித்துக்கொண்டிருக்கிறான்.