கோயில் சாவி யாருடையது?

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

வைகறையில் திருக்கோயிலின் பெரிய கதவு திறக்கப்படும் ஓசை உத்ஸவத்திற்கு வந்த அடியார்கள் அனைவரும் கேட்டு மகிழும் ஓசை. சாவியைக் கொணர்ந்தவர் யார், அதை இரவெல்லாம் பாதுகாத்தவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. கதவு திறந்தால் போதும். எம்பெருமானின் திருமுகமண்டலம் தெரிந்தால் போதும் என்பதே அடியவர் உள்ளம். ஆயினும் அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தமிழ்நாட்டில் அந்தச் சாவியைப் பற்றிய வாதம் ஓயாமல் நடந்து வருகிறது. கோயிலை நிர்வகிப்பது அரசா, அடியார்களா? திருவாராதனம் செய்யும் தகுதி பிறப்பால் வருவதா, பயிற்சியால் வருவதா? வழக்கத்தை மாற்றும் அதிகாரம் சட்டசபைக்கு உண்டா, ஆசாரியர்களுக்கு மட்டும் உண்டா? இவை அரசியல் மேடைகளிலும் நீதிமன்றங்களிலும் பேசப்படும் கேள்விகளாயினும், இவற்றின் அடியில் இருப்பது தர்மத்தைப் பற்றிய ஒரு கேள்வியே. பழைய வழக்கம் ஒன்றைக் காக்கும் உரிமையை ஒருவர் எதனால் பெறுகிறார் என்பதே அக்கேள்வி.

முதலில் நடந்தவற்றை நடந்தபடி அறிந்துகொள்வது நலம். கோயில் நிர்வாகத்தில் அரசு தலையிட்டது சுதந்திரத்திற்குப் பின்னரே என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில் 1817ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேயே சென்னை மாகாணத்து அறக்கட்டளைகளின் மேற்பார்வை வருவாய் வாரியத்தின் கைக்கு வந்தது. பிற்பாடு, வேற்றுச் சமயத்துக் கோயில்களைத் தாங்கள் நிர்வகிப்பதா என்று ஆங்கிலேயர்களே தயங்கி, 1863ஆம் ஆண்டுச் சட்டத்தால் அப்பொறுப்பைத் தர்மகர்த்தாக்களிடமும் குழுக்களிடமும் விட்டு விலகினர். அவ்வாறு விட்ட காலத்தில் எல்லாக் கோயில்களும் நன்றாக நடந்தன என்று சொல்ல இயலாது. பெருமாளுக்கென்று முன்னோர் எழுதி வைத்த நிலங்கள் பல இடங்களில் கைமாறின, கணக்குகள் மறைந்தன, விளக்கெரிய எண்ணெயின்றிக் கிடந்த ஸந்நிதிகளும் உண்டு. இக்குறைகளைக் காட்டியே 1925இல் அறநிலைய வாரியம் வந்தது. 1951இல் அது அரசுத் துறையாயிற்று. இன்று நடைமுறையில் இருப்பது 1959ஆம் ஆண்டுச் சட்டம். சம்பிரதாயத்தைப் போற்றுவோர் இவ்வரலாற்றின் கசப்பான பகுதியை மறைக்கலாகாது. காவலர் உறங்கியதால்தான் அயலார் உள்ளே வர வழி ஏற்பட்டது.

அர்ச்சகர் நியமன விவாதம் இதன் தொடர்ச்சி. 1970ஆம் ஆண்டில் தமிழக சட்டசபை, அர்ச்சகர் பதவி தந்தையிடமிருந்து மகனுக்குத் தானே சேரும் முறையை நீக்கிச் சட்டத் திருத்தம் செய்தது. 1972இல் சேஷம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் அத்திருத்தம் செல்லும் என்றது. எனினும் ஆகமம் விதிக்கும் தகுதிகளைப் புறக்கணிக்க அது இடந்தரவில்லை என்றும் தெளிவுபடுத்தியது. 2006இல் தகுதியும் பயிற்சியும் பெற்ற இந்துக்கள் எவரும் அர்ச்சகராகலாம் என்று அரசாணை பிறந்தது. பயிற்சிப் பள்ளிகள் தொடங்கப்பட்டு 200க்கும் மேற்பட்டோர் பயின்றனர். 2015ஆம் ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம், நியமனங்கள் ஆகமத்தை ஒட்டியும் அரசியலமைப்புக்கு முரணாகாமலும் அமைய வேண்டும், ஐயம் எழுந்தால் அந்தந்தக் கோயிலளவில் தீர்வு காண வேண்டும் என்று கூறியது. 2021ஆம் ஆண்டு ஆகஸ்டில் பல சமூகங்களைச் சேர்ந்த பயிற்சி பெற்ற அர்ச்சகர்களுக்கு நியமன ஆணைகள் வழங்கப்பட்டன. அதனை ஒரு சாரார் கொண்டாடினர். மற்றொரு சாரார் நெஞ்சம் நொந்தனர்.

நெஞ்சம் நொந்தவர்களின் தரப்பை முதலில் நேர்மையாக எடுத்துரைக்க வேண்டும். அவர்கள் பிறரை இகழ்வதற்காகவே பேசுகின்றனர் என்று ஒதுக்கிவிடுவது நியாயமன்று. அர்ச்சாவதாரமாக எழுந்தருளியிருக்கும் எம்பெருமான் கல்லோ உலோகமோ அல்லன். ப்ரதிஷ்டை செய்த நாள்தொட்டு இன்ன முறைப்படி ஆராதிக்கப்படுவேன் என்று திருவுள்ளம் பற்றி நிற்பவன் என்பது அவர்கள் நம்பிக்கை. வைகானஸம் என்றும் பாஞ்சராத்ரம் என்றும் ஆகமங்கள் இரண்டாக நிற்க, ஒன்றின்படி ப்ரதிஷ்டை செய்த கோயிலில் மற்றொன்றைக் கலப்பதே கூடாதென்பர். அப்படியிருக்க, பெருமாளைப் பெருமாளாக நம்பாதவர்களும் உறுப்பினராக இருக்கக்கூடிய ஒரு சபை கைதூக்கி முறையை மாற்றலாமா என்று அவர்கள் கேட்பதில் பொருள் இருக்கிறது. 1954இல் சிரூர் மடத்து வழக்கில் உச்ச நீதிமன்றமும், ஒரு சமயத்திற்கு இன்றியமையாதது எது என்பதை அச்சமயத்தின் கொள்கைகளைக் கொண்டே அறிய வேண்டும் என்று கூறியது. கணக்கைச் சரிபார்ப்பது வேறு. கைங்கர்யத்தை மாற்றியமைப்பது வேறு. முன்னதில் அரசுக்குக் கடமை உண்டு. பின்னதில் அதற்குத் தகுதி உண்டா என்பது நியாயமான ஐயமே.

மேலும், ஸம்ப்ரதாயம் என்பது ஒரு தலைமுறை தன் வசதிக்காகச் செய்துகொண்ட ஏற்பாடன்று. 1323ஆம் ஆண்டளவில் திருவரங்கத்தின்மீது தில்லிப் படை வந்தபோது, நம்பெருமாளை எழுந்தருளப் பண்ணிக்கொண்டு முதுமையிலும் காடு மேடு கடந்தவர் பிள்ளை லோகாசாரியர் என்றும், மதுரைக்கு அருகே ஜ்யோதிஷ்குடியில் அவர் திருநாடு எய்தினார் என்றும் குருபரம்பரை பேசுகிறது. பல ஊர்களில் அலைந்த நம்பெருமாள் கோபணாரியரால் 1371இல்தான் மீண்டும் திருவரங்கம் சேர்ந்தார். ஏறக்குறைய 48 ஆண்டுகள்! அந்நாளில் அவரைக் காத்தவர்களுக்குச் சட்டம் துணையில்லை, சம்பளம் இல்லை, நாளை உயிருடன் இருப்போம் என்ற உறுதியும் இல்லை. அவர்கள் காத்ததைத்தான் இன்று நாம் சேவிக்கிறோம். இறந்தவர்கள் நம்மிடம் அடைக்கலமாக வைத்துச் சென்ற பொருளை, பிறக்கப்போகிறவர்களிடம் குறைவின்றி ஒப்படைக்க வேண்டும். இடையில் இருப்பவருக்கு அதை விற்கவோ உருக்கவோ அதிகாரமில்லை. பழமையைப் போற்றும் மனத்தின் சிறந்த நியாயம் இதுவே.

ஆனால், பழைமை என்ற ஒரே காரணத்தால் எல்லாம் அடைக்கலப் பொருள் ஆகிவிடுமா? இங்கேதான் தன்னைத் தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கடமை பழமைவாதிக்கு வருகிறது. 1939ஆம் ஆண்டு ஜூலையில் மதுரை மீனாக்ஷி திருக்கோயிலில் வைத்தியநாதய்யர் தலைமையில் ஹரிஜன மக்கள் உட்புகுந்தபோது, ஸாந்நித்யமே போய்விட்டது என்று கதறியவர்கள் பலர். ஆகமம் அழிந்தது, உலகம் கெட்டது என்றனர். 1947இல் ஆலயப் பிரவேசம் சென்னை மாகாணம் முழுவதற்கும் சட்டமாயிற்று. எந்தத் திருக்கோயிலில் பெருமாள் எழுந்து போய்விட்டார்? இன்று தேர்வடம் பிடிக்கும் ஆயிரமாயிரம் கைகளில் எந்தக் கை எந்தக் குலம் என்று யார் கேட்கின்றனர்? அன்று காக்கப்பட்டதாக நினைத்தது ஸம்ப்ரதாயம் அன்று. ஸம்ப்ரதாயத்தின்மேல் படிந்த மனிதனின் செருக்கு. அதைக் களைந்தபோது வழிபாடு வளர்ந்ததேயன்றிக் குறையவில்லை.

வைஷ்ணவர்களுக்கு இது புதுப் பாடமும் அன்று. ஆளவந்தாரின் சீடராகிய மாறனேரி நம்பி தாழ்ந்ததாகக் கருதப்பட்ட குலத்தில் தோன்றியவர். அவருக்குப் பெரிய நம்பி தம் கையாலேயே இறுதிச் சடங்குகளைச் செய்தார். ஊரார் சினந்தனர். உடையவரே வினவியபோது, ஜடாயுவுக்குக் கடன் செய்த இராமபிரானை முன்னுதாரணமாகக் காட்டி, அப்பெருமானிலும் தாம் உயர்ந்தவரல்லர், அப்பறவையிலும் மாறனேரி நம்பி தாழ்ந்தவரல்லர் என்னும் கருத்துப்படப் பெரிய நம்பி விடையிறுத்தார் என்பர். நீராடி மீளும்போது உறங்காவில்லிதாஸரின் கையைப் பற்றிக்கொண்டு உடையவர் நடந்ததும் யாவரும் அறிந்ததே. திருப்பாணாழ்வாரைச் சேவிக்காத திவ்யதேசம் உண்டோ? ஆகவே, இது புராதனமானதா என்று மட்டும் கேட்டால் போதாது. இவ்வழக்கம் யாருக்காக நிற்கிறது என்றும் கேட்க வேண்டும். எம்பெருமானின் உகப்புக்காக நிற்பது காக்கப்பட வேண்டியது. காப்பவரின் பெருமைக்காக நிற்பது கைவிடப்பட வேண்டியது. இரண்டும் ஒரே பட்டாடையை உடுத்தி வருவதால் பிரித்தறிவது கடினம். ஆயினும் பிரித்தறிந்தே தீரவேண்டும்.

வழக்குகளைப் பற்றியும் ஒரு சொல். அரசும் நீதிமன்றமும் ஸந்நிதிக்குள் நுழைகின்றன என்று வருந்துவோர், காஞ்சி வரதராஜப் பெருமாள் ஸந்நிதியில் வடகலையாரும் தென்கலையாரும் நடத்திவரும் வழக்குகளை எண்ணிப் பார்க்க வேண்டும். எவர் பாத்திரம் முதலில், எவர் கோஷ்டி எங்கே என்பதற்காக ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் படியேறாத நீதிமன்றம் இல்லை. இரு சாராரும் ஒரே எம்பெருமானாரின் அடியார். இரு சாராரும் ஓதுவது ஒரே திவ்யப்ரபந்தம். நம் சண்டையைத் தீர்க்க நாமே நீதிபதியை அழைத்து வந்து பெருமாள் திருமுன்பே நிறுத்திவிட்டு, பிறகு அவர் ஏன் வந்தார் என்று வினவுவது எந்த நியாயம்?

இவற்றினும் பெரிய கேள்வி கிராமத்தில் இருக்கிறது. அறநிலையத் துறையின் கணக்கில், ஒரு கால பூஜைக்கே நிதியுதவி தேவைப்படும் கோயில்கள் 12,000க்கும் மேல். அவற்றில் எத்தனையோ சிறு பெருமாள் கோயில்களும் உண்டு. பரம்பரை உரிமைக்காக மேடையில் முழங்கும் குடும்பங்களிலேயே பிள்ளைகள் பொறியியல் கற்றுப் பெங்களூருக்கும் அமெரிக்காவுக்கும் சென்றுவிடுகின்றனர். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. ஒரு படி அரிசியும் சில நூறு ரூபாயும் வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் எவ்வாறு வாழும்? ஊரார் அர்ச்சகரின் தட்டில் இட்ட காசையும், தங்கள் வீட்டுத் திருமணத்தில் செய்த செலவையும் ஒப்பிட்டுப் பார்த்தால் குற்றம் யாருடையது என்பது தெரியும். எனினும் உண்மை உண்மையே. விளக்கேற்ற ஆளில்லாத ஸந்நிதியின்மீது உரிமை கொண்டாடுவது வெறுஞ்சொல். செய்பவர் இல்லாத கைங்கர்யத்தைப் பரம்பரையும் காக்காது; அரசாணையும் காக்காது.

உரிமை என்ற சொல்லே இவ்விவாதத்தில் இரு சாராரையும் மயக்குகிறது. ஒருவர் பிறப்பால் எனக்கு உரிமை என்கிறார். மற்றவர் சமத்துவத்தால் எனக்கு உரிமை என்கிறார். ஆனால் ஜீவன் சேஷன், எம்பெருமான் சேஷி என்பது ராமாநுஜ தர்சனத்தின் உயிர்நிலை. சேஷனுக்குத் தனக்கென்று உரிமை ஏது? அவனுக்கு உள்ளதெல்லாம் தொண்டு. தொண்டுக்கு வேண்டியவை ஞானம், அனுஷ்டானம், பணிவு. இவை உள்ளவரை எவரும் தள்ளலாகாது. இவை இல்லாதவர் எவராயினும், எந்தக் குலத்தில் பிறந்திருந்தாலும், எவரது ஆணையைக் கையில் வைத்திருந்தாலும், கர்ப்பக்ருஹத்தின் வாசலில் நின்று ஒருமுறை யோசிக்க வேண்டும். இத்தகுதிகளை யார் அளப்பது, தீக்ஷை யாருக்கு எவ்வாறு தருவது என்பன ஆசாரியர்களும் ஆகம வித்வான்களும் கூடி வெளிப்படையாக விடை சொல்ல வேண்டிய கேள்விகள். அவர்கள் மௌனம் காத்தால், விடை சொல்லும் பொறுப்பு நீதிமன்றத்திற்கும் அமைச்சரவைக்கும் போய்ச் சேரும். போய்ச் சேர்ந்த பிறகு புலம்பிப் பயனில்லை.

திருவரங்கத்தில் நடந்த ஒன்றை இங்கே நினைப்பது பொருந்தும். உடையவர் கோயிலைச் சீர்திருத்த வந்தபோது, சாவியும் நிர்வாகமும் பெரிய கோயில் நம்பியிடம் இருந்தன. அவரை விலக்கிவிடலாம் என்ற எண்ணமும் ஒருகால் எழுந்தது. நெடுங்காலம் நமக்குத் தொண்டு செய்தவன் அவன் என்று பெரிய பெருமாளே கனவில் தடுத்ததாகப் பெரியோர் கூறுவர். பிறகு உடையவர் அனுப்பிய கூரத்தாழ்வான், நம்பியின் இல்லத்தில் நடந்த ஈமச் சடங்கில், பலரும் அமரத் தயங்கும் இடத்தில் அமர்ந்து உண்டு, அதற்கு ஸம்பாவனையாகப் பொன்னையோ நிலத்தையோ கேட்காமல் கோயில் சாவியைக் கேட்டுப் பெற்றார். சாவி பறிக்கப்படவில்லை, மனம் மாறிக் கொடுக்கப்பட்டது. கொடுத்தவர் அழிந்தும் போகவில்லை. திருவரங்கத்தமுதனார் ஆகி, அந்த எம்பெருமானாரைப் பாடும் பெரும் பேறு பெற்றார். பழைய முறையும் காக்கப்பட்டது. வேண்டிய மாறுதலும் வந்தது. உடையவர் பல குலத்தாருக்கும் கோயிலில் கைங்கர்யம் வகுத்தளித்ததைக் கோயிலொழுகு விவரிக்கிறது.

மாறுதல் விரும்புவோர் இதிலிருந்து கற்க வேண்டியது, நம்பிக்கை உள்ளவரின் மனத்தைத் தொடாத சீர்திருத்தம் கோயிலில் வேர்கொள்ளாது என்பது. பழமை விரும்புவோர் கற்க வேண்டியது, கேட்க வேண்டியவர் கேட்கும்போது சாவியை இறுகப் பற்றிக்கொள்வது பக்தியாகாது என்பது.

உத்ஸவம் சேவித்துத் திரும்பும் அடியார்களுக்கும் இதில் பங்குண்டு. பெரிய கோயிலில் மணிக்கணக்கில் நின்று சேவித்தவர், தம் சொந்த ஊரில் பூட்டிக் கிடக்கும் சிறு பெருமாள் கோயிலை எட்டிப் பார்க்க வேண்டும். அங்கே ஒரு படி எண்ணெய், ஒரு நாள் தளிகை, அர்ச்சகர் வீட்டுப் பிள்ளையின் படிப்புக்கு ஓர் உதவி என்று ஏதேனும் ஒன்றை ஏற்றுக்கொள்ள வேண்டும். வாதம் செய்வதைவிட அது கடினம். ஆனால் ஸம்ப்ரதாயத்தைக் காப்பது அதுவே.

கோயில் சாவி யாருடையது என்ற கேள்விக்கு விடை எளியது. அது பெருமாளுடையது. அவன் பொருட்டு வேளை தவறாமல் கதவைத் திறப்பவரே அதைக் கையில் வைத்திருக்கத் தகுந்தவர்.

எம்பெருமானார் திருவடிகளே சரணம்.