வயலோரத்துக் கதிர் யாருடையது?

காலபோக அறுவடை. உழுதவரும் விதைத்தவரும் கடன்பட்டவரும் நீங்களே. அப்படியாயின் வயலோரத்தில் நிற்கும் கதிர் யாருடையது?

வயலின் ஓரத்தை முற்றாக அறுக்காதே, சிந்திய கதிரைப் பொறுக்காதே என்று லேவியராகமம் 19ஆம் அதிகாரம் வயற்காரருக்குக் கட்டளையிடுகின்றது. அவை ஏழைக்கும் அந்நியனுக்கும் உரியவை. 'கொடு' என்றல்ல, 'விட்டுவிடு' என்பதே சட்டம். கொடுத்தால் வாங்குபவன் கைகட்டி நிற்பான். விட்டுவைத்தால் தன் கையால் உழைத்துச் சேர்ப்பான். மோவாபியப் பெண் ரூத்து போவாசின் வயலிற் கதிர் பொறுக்கியது பிச்சையல்ல, உரிமை.

இன்று இயந்திரமே வெட்டி, அடித்து, நெல்லைப் பிரித்துத் தந்துவிடுகின்றது. அரிவு வெட்டிய கைகளுக்கு வேலை அருகிவிட்டது. இயந்திரத்தைக் குறைகூறிப் பயனில்லை. ஆனால், அதனால் ஏழையின் உரிமை அற்றுப்போகுமா?

அன்பார்ந்த வாசகரே, மூடைகளை எண்ணுமுன், உங்கள் வயலின் ஓரம் எதுவென்று வீட்டாரோடு இருந்து தீர்மானியுங்கள்.