மெல்லொலியில் எடுத்த அளவு

நோயாளி ஒருவருக்கு நற்கருணை வழங்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். திருவல்லிக்கேணியின் ஒடுங்கிய தெரு ஒன்றில், மாடிப்படிக்கு அடியில் அமர்ந்து, எங்கள் பங்கின் இளைஞர் ஒருவர் பிளைவுட் பலகையை அறுத்துக்கொண்டிருந்தார். ரிச்சி தெருவில் வாங்கிய வூஃபர் ஒன்று செய்தித்தாளின்மேல் கவிழ்ந்து கிடந்தது. அதற்கு 'டிரான்ஸ்மிஷன் லைன்' முறையில் பெட்டி செய்வதாகச் சொன்னார். அவர்முன் நிற்க எனக்குச் சற்றுக் கூச்சம்; காரணத்தைப் பின்னர்ச் சொல்கிறேன்.

வூஃபரின் கூம்பு அசையும்போது முன்னால் எழும் ஒலியும் பின்னால் எழும் ஒலியும் நேரெதிரானவை. இரண்டும் கலந்தால் தாழ்ந்த சுரங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். இம்முறையில் பின்னொலி, பெட்டிக்குள் மடித்து மடித்து அமைத்த நீண்ட பாதை வழியே சென்று மறுமுனையில் வெளிப்படுகிறது. 1965இல் இங்கிலாந்தின் ஆர்தர் பெய்லி, அப்பாதையில் நீண்ட இழைக் கம்பளியை நிரப்பிச் செய்த பெட்டியைப்பற்றி 'வயர்லெஸ் வேர்ல்ட்' இதழில் எழுதினார். பாதையின் நீளம் ஒலியலையின் நீளத்தில் கால்பங்கு. சென்னை வெப்பத்தில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர் செல்லும். வினாடிக்கு 35 முறை அதிரும் ஒலியின் அலைநீளம் 10 மீட்டர். எனவே பாதை 2.5 மீட்டர். ஒருமுனை அடைத்த ஆர்கன் குழலுக்கும் இதுவே விதி என்பதால், இதுவரை எனக்கும் புரிந்தது.

"பெட்டி சொன்ன பேச்சு கேட்கும், ஃபாதர். டிரைவர் எப்படி நடந்துக்கும்னு தெரியணுமே, அதுதான் கஷ்டம்" என்றார். வூஃபரையே இத்துறையினர் 'டிரைவர்' என்பார்களாம். ஆட்டோ ஓட்டுபவரை நினைத்துக்கொண்டு சிரித்துவிட்டேன்.

1961இல் ஆஸ்திரேலியாவின் நெவில் தீல் ஒரு வழி காட்டினார். 1970களின் தொடக்கத்தில் ரிச்சர்ட் ஸ்மால் அதை விரிவுபடுத்தினார். ஒரு வூஃபரைச் சில எண்களில் அடக்கிவிடலாம்: தன்போக்கில் விட்டால் எந்த அதிர்வெண்ணில் அதிரும், அந்த அதிர்வு எவ்வளவு விரைவில் அடங்கும், அதன் தாங்குவளையத்தின் நெகிழ்வு எத்தனை லிட்டர் காற்றின் நெகிழ்வுக்கு ஈடாகும் என்பன. இவை கையில் இருந்தால், பலகையை அறுக்குமுன்பே பெட்டியின் ஒலியைக் கணித்துவிடலாம். இளைஞரும் அச்சிட்ட தாள் ஒன்றை வைத்திருந்தார். ஆனால் அதை அவர் முழுதும் நம்பவில்லை.

"இந்த நம்பரெல்லாம் மெதுவா வாசிக்கும்போது எடுத்தது. சத்தம் கூடினா இது வேற ஆள், ஃபாதர்!"

அதன் பொருளையும் விளக்கினார். உரக்க ஒலிக்கையில் செம்புச் சுருள் சூடேறுகிறது. வெப்பம் 100 பாகை உயர்ந்தால் மின்தடை ஏறத்தாழ 40 விழுக்காடு கூடிவிடும். கூம்பு தன் எல்லையை நெருங்க நெருங்கத் தாங்குவளையம் விறைக்கிறது. புதிய வூஃபரோ சில மணி நேரம் ஒலித்தபின் இளகுகிறது. நீண்ட பாதையில் அடைபட்ட காற்றும் வெறும் வில்லைப்போல் இயங்காமல் அலையாய்த் திரும்பிவந்து கூம்பை எதிர்த்துத் தள்ளும். பாதையில் நிரப்பிய பஞ்சு அந்த அலையை என்ன செய்யும் என்பதைக் கணக்கில் அடக்குவது இன்னும் கடினம். ஆகவே அவர் வூஃபரைச் சில இரவுகள் மெல்ல ஒலிக்கவிட்டு, மீண்டும் தாமே அளந்திருந்தார். தாள் சொன்னதைவிட அதிர்வெண் தாழ்ந்திருந்ததாம்.

இனி என் கூச்சத்துக்கு வருகிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஆலய ஒலிபெருக்கிப் பொறுப்பை இவருக்குத் தரலாம் என்று பங்குப் பேரவையில் பேச்சு எழுந்தது. 'அந்தத் தம்பி பொறுப்பில்லாதவர்' என்று ஒரே சொல்லில் மறுத்துவிட்டேன். பாடகர் குழுப் பயிற்சிக்கு மூன்று முறை தாமதமாக வந்தார், ஒருமுறை கேட்டதற்கு முகம்கொடுத்துப் பேசவில்லை என்பனவே என் சான்றுகள். அந்த வாரங்களில் அவர் தம் தந்தையின் படுக்கையருகே மருத்துவமனையில் இரவெல்லாம் விழித்திருந்தார் என்பது பின்னரே தெரியவந்தது. மெல்லொலியில் எடுத்த அளவைப் பேரொலிக்கு நம்ப அவர் அஞ்சுகிறார். நானோ அதைத் தலைகீழாகச் செய்திருந்தேன்: பெருஞ்சுமையின்கீழ் எடுத்த அளவை அவருடைய எல்லா நாள்களுக்கும் உரியதாக்கிவிட்டேன். மறுபடி அளக்கவும் இல்லை.

புனித தோமா அக்குவினார் தம் இறையியல் தொகுப்பில் இதைப்பற்றி நிதானமாக ஆராய்கிறார். தீயவரை நல்லவர் என எண்ணிப் பலமுறை ஏமாறுவது, நல்லவரைத் தீயவர் என எண்ணிச் சிலமுறை தவறுவதைவிட மேல்; பின்னதில் ஒருவருக்கு அநீதி நேர்கிறது என்பது அவர் கருத்து. குருமட நாள்களில் இது எனக்கு வெள்ளை மனத்தாருக்கான அறிவுரையாகவே தோன்றியது. பங்கின் கணக்கையும் சிறுவர்களையும் யாரிடமாவது ஒப்படைத்துத்தானே ஆகவேண்டும்? ஆள் எப்படி நடந்துகொள்வார் என்று கணிக்காமல் இருக்க முடியுமா? கணக்கே வேண்டாம் என்றால் பலகைதான் வீண்.

ஆனால் அதே பகுதியில், தீமைக்கு மருந்து தேடும்போது மோசமானதையே முன்கொள்வது தகும் என்றும் அவர் சேர்த்துச் சொல்கிறார். இதை அன்று நான் ஊன்றிப் படிக்கவில்லை. காணிக்கைப் பெட்டிக்கு இரண்டு பூட்டுப் போட்டுச் சாவிகளை இருவரிடம் கொடுக்கிறோம். அதனால் எவரையும் திருடர் என்று தீர்ப்பிட்டதாகாது. சிறுவர்களோடு ஒருவர் தனித்திருக்கலாகாது என்ற விதியும் அப்படியே. அவ்விதிகள் எல்லாருக்கும் பொது. அவற்றில் எவர் பெயரும் இல்லை. நான் பேரவையில் சொன்னதோ ஒரு பெயரோடு ஒட்டிக்கொண்டது. அன்றிலிருந்து எத்தனை பேர் அவரை அந்தச் சொல்லால் அளந்தார்களோ!

பெட்டியின் ஒரு பக்கப் பலகையை மட்டும் அவர் பசையிட்டு ஒட்டவில்லை. திருகாணியால் பொருத்த வைத்திருந்தார். ஒலித்துப் பார்த்து, பஞ்சைக் கூட்டவோ குறைக்கவோ மறுபடி திறக்கவேண்டியிருக்குமாம். அந்தத் திருகாணிகளைப் பார்த்துக்கொண்டே, பேரவையில் அன்று நான் சொன்னதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். வரும் கூட்டத்தில் அதைத் திரும்பப் பெறுவதாகவும் கூறினேன்.

அவர் நிமிரவில்லை. "அப்பவே தெரியும், ஃபாதர்" என்றார். சிறிது நேரம் கழித்து, "அந்தப் பலகையைக் கொஞ்சம் பிடிச்சுக்கோங்க" என்றார். பிடித்துக்கொண்டேன்.