வேற்றுமையும் ஏற்றத்தாழ்வும்

மலாக்கா நகரின் துக்காங் எமாஸ் வீதியில், டச்சுக்காரர் ஆட்சியில் 1781ஆம் ஆண்டில் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் ஆலயமும், 1748இல் தோன்றிய கம்போங் கிலிங் பள்ளிவாசலும், அவற்றை அடுத்துப் பதினேழாம் நூற்றாண்டுச் சீனக் கோயிலான செங் ஹூன் தெங்கும், ஒன்றையொன்று பகையாமல் நிற்பதைக் கண்டே, அவ்வீதிக்கு ‘ஹார்மனி ஸ்ட்ரீட்’ (சமரச வீதி) என்ற ஆங்கிலப் பெயர் வழங்கலாயிற்று. தாய்மொழியாக மலாயைப் பேசும் மலாக்காச் செட்டிகள் சைவ நெறி வழுவாது அவ்விநாயகரை வழிபட்டு வருவதை நோக்கின், அப்பெயர் பொருத்தமானதே; மொழியும் மதமும் வேறுபடுவது ஈசன் சிருஷ்டியின் அழகு.

ஆயினும், அதே மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களில் மேட்டில் துரையின் பங்களாவும், அதன்கீழ் கணக்கெழுதும் கிராணியின் வீடும், பள்ளத்தில் தொழிலாளர் லயங்களுமாக அமைந்திருந்த வரிசையை ‘ஹார்மனி’ என்ற அச்சொல் தொடுவதில்லை. விடியுமுன் பெரட்டு எனும் ஆள்கணக்கெடுப்புக்கு நின்று, பால்மரம் வெட்டி, வாளி சுமந்த தாயொருத்தி, தன் வறுமையைத் ‘தலையெழுத்து’ என்று சொல்லி ஆறுதல் கொண்டாளாயின், அது அவளுடைய பக்தியின் பலம். அதையே மேட்டிலிருப்பவன் அவளுக்கு உபதேசிப்பானாயின், அது அதர்மம். தலையெழுத்துக்கு ஆதாரமாகக் காட்டப்படும் வினைக்கொள்கை ஒருவன் தன்னைத்தானே திருத்திக்கொள்ள ஏற்பட்ட சாதனமேயன்றி, பிறனுடைய துன்பத்துக்கு நியாயம் கற்பிக்க ஏற்பட்டதன்று.

கூலியும் குடியிருப்பும் மனிதர் வகுத்தவை. ஆதலால் மனிதராலேயே மாற்றத்தக்கவை. வேற்றுமையை வணங்குவோம், ஏற்றத்தாழ்வை நீக்குவோம், இவ்விரண்டும் சேர்ந்ததே முழுமையான சமரசம்.