நிலத்தடிக் கழிவறையும் தூய்மை என்னும் அறமும்

தூய்மை என்பது அழுக்கைத் தன்னிடமிருந்து விலக்கி வைப்பதா, தன்னிடமிருந்து புறப்படும் அழுக்குக்கு இறுதிவரை பொறுப்பேற்பதா என்பது சமயச் சிந்தனையில் நெடுங்காலமாக நிலவிவரும் வினா. கோயில் வாசலிலும் ஈமச் சடங்கிலும் எழுகிற இவ்வினா, ஒரு குடும்பம் தன் வீட்டில் புதிய கழிவறை ஒன்றைக் கட்ட அனுமதி கேட்டு நிற்கும்போதும் அதே கூர்மையுடன் எழுகிறது.

புதுச்சேரிக் கடற்கரையின் வடகோடியில் உள்ள மீனவ ஊரான கனகசெட்டிக்குளம் போன்ற மணற்பாங்கான இடங்களில் இதனைத் தெளிவாகக் காணலாம். மணலில் நீர் விரைந்து இறங்கும். கழிவுநீரும் அவ்வாறே இறங்கும். செப்டிக் டேங்க் எனப்படும் மலக்கசடுத் தொட்டியில் கசடு அடியில் தங்க, மேலே தெளியும் நீர் உறிஞ்சுகுழி வழியாக மண்ணுக்குள் செல்கிறது. அக்குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் இடையே குறைந்தது 18 மீட்டர் இடைவெளி வேண்டும் என்று இந்தியத் தர நெறிமுறை கூறுவது, மண் வடிகட்டுவதற்கு அத்தொலைவு தேவைப்படுவதால்தான். தரைமட்டத்துக்குக் கீழே கழிவறை அமைத்தால் சிக்கல் இன்னும் கூடுகிறது. தெருவின் கழிவுநீர்க் குழாயைவிடத் தாழ்ந்த இடத்திலிருந்து கழிவு தானாக மேலேறாது. அதனை மோட்டார் வைத்து ஏற்ற வேண்டும், தெருக்குழாய் நிறையும் நாளில் கழிவு வீட்டுக்குள் திரும்பாதபடி தடுக்கவும் வேண்டும். நகர அமைப்புக் குழுமம் வரைபடம் கேட்பதும், 1991 முதல் நடைமுறையில் உள்ள கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் உயர் அலைக்கோட்டிலிருந்து தொலைவை அளக்கச் சொல்வதும், வீட்டார் கண்ணுக்கு எட்டாத இந்த நிலத்தடி உறவுகளையும் முன்னிட்டே.

மரபு இதனை வேறு விதமாக அணுகியது. ஈசானிய மூலை எனப்படும் வடகிழக்கில் கழிவறை கூடாது என்ற மனையடி வழக்கமும், தீட்டுக்குப்பின் தலைமுழுகும் வழக்கமும், அழுக்கைப் புனிதத்திலிருந்து தொலைவில் நிறுத்த முயன்றவை. இவற்றுள் ஒழுங்குணர்வு உண்டு என்பதை மறுக்க இயலாது. ஆயினும், தன் வீட்டுக்கு வெளியே தள்ளப்பட்ட கழிவு யார் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்ற கேள்வியை இந்த மரபு கேட்கவே இல்லை. ஒருவரின் தூய்மைக்காக இன்னொரு சாதியினர் தலைமுறை தலைமுறையாக அழுக்கைச் சுமந்தனர். அக்கொடுமையைத் தடை செய்ய 1993-இலும் 2013-இலும் சட்டங்கள் இயற்றப்பட்டன. கழிவுநீர்க் குழிகளில் இறந்தோர் குடும்பங்களுக்கு 10 லட்சம் ரூபாய் வழங்குமாறு 2014-இல் ஆணையிட்ட உச்ச நீதிமன்றம், 2023-இல் அத்தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. விலக்குதலை மட்டுமே தூய்மையாகக் கொண்ட சிந்தனைக்கு மனித உயிர்கள் கொடுத்த விலையை இத்தொகைகளால் ஈடுசெய்ய முடியாது.

புதுச்சேரியின் சட்ட வரலாற்றில் மற்றொரு பார்வையும் உண்டு. 1819 ஜனவரியில் இங்கு நடைமுறைக்கு வந்த பிரெஞ்சு உரிமையியல் சட்டத் தொகுப்பின் 674-ஆம் பிரிவு, சுவரருகே கிணறோ மலக்குழியோ தோண்டுபவர் அண்டை வீட்டுக்குத் தீங்கு நேராதவாறு உரிய இடைவெளி விட வேண்டும் என்கிறது. குடிநீர் ஊறும் குழியையும் கழிவு இறங்கும் குழியையும் ஒரே விதியில் வைக்கும் அப்பிரிவு, தோண்டுகிறவரின் புனிதத்தைப் பற்றிப் பேசவில்லை. சுவருக்கு அப்பால் இருப்பவரைப் பற்றிப் பேசுகிறது.

மனம் தூயவனுக்கு, குழியை மூடுவதற்கு முன் நேரில் வந்து பார்க்கும் ஆய்வு எதற்கு, அது அவன் நேர்மையை ஐயுறுவதாகாதா என்ற மறுப்பு எழக்கூடும். திருக்குறளில் அகத்தூய்மையை விளக்கும் குறள் வாய்மை என்னும் அதிகாரத்தில் இடம்பெற்றிருப்பது இங்குச் சிந்திக்கத்தக்கது. உண்மையே அகத்தைத் தூய்மையாக்கும் எனில், மண்ணுக்கடியில் உண்மையில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதும் அத்தூய்மையில் அடங்கும். நல்ல மனம் இருந்தாலும் அதற்குக் குழாயின் உட்புறம் தெரியாது. கழிவறைப் பீங்கானின் அடியில் வளைந்து செல்லும் குழாயில் எப்போதும் ஏறக்குறைய 50 மில்லிமீட்டர் ஆழத்துக்கு நீர் தேங்கி நிற்க வேண்டும். நீரடைப்பு எனப்படும் அந்தச் சிறிதளவு நீரே சாக்கடை வாயு வீட்டுக்குள் நுழையாமல் காக்கிறது. 2024 ஜூன் 11 அன்று புதுச்சேரி ரெட்டியார்பாளையம் புதுநகரில், புதைசாக்கடையின் நச்சுவாயு கழிவறை வழியே வீடுகளுக்குள் பரவி, ஒரு பள்ளிச் சிறுமி உட்பட மூன்று பெண்களின் உயிரைப் பறித்தது. அன்று கழிவறைக்குள் சென்றவர்கள் எந்தப் பிழையும் செய்தவர்களல்லர்.

பொறுப்பு குடிமக்களோடு முடிவதும் இல்லை. தலைமுறைகளாகக் கரையில் வாழும் குடும்பத்திடம் பத்திரமும் வரைபடமும் இல்லாதிருக்கலாம். அவர்களை அலைக்கழிப்பதற்கு அனுமதி ஒரு கருவியாகுமானால் அது தன் அறத்தை இழந்துவிடும். நிதியில்லை என்ற காரணம் காட்டி வடிகாலும் கழிவறையும் அமைக்கும் கடமையிலிருந்து நகராட்சி தப்ப முடியாது என்று 1980-இல் ரத்லாம் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே கடமை உணர்வோடு, நேரில் பாராமல் இடப்படும் கையெழுத்து அண்டை வீட்டாரிடம் சொல்லப்படும் பொய் என்பதை ஆய்வுக்கு வருபவரும் உணர வேண்டும்.

ஆகவே, குழியை மண்ணிட்டு மூடுவதற்கு முன் அதனைத் திறந்து வைத்துக் காட்டும் அந்தச் சிறுபொழுதைத் தூய்மைச் சடங்குகளுள் ஒன்றாகவே கருதலாம். அடுத்த வீட்டுக் கிணற்றில் நீர் இறைப்பவரும், பல ஆண்டுகளுக்குப் பின் அந்த மூடியைத் திறக்க வரும் தொழிலாளியும் அப்போது அங்கே இருப்பதில்லை. அவர்களுக்காகத்தான் அந்தக் குழி பார்க்கப்படுகிறது.